பேரம் பேசாத வீரையன்

முத்துப்பேட்டை
11.2.1970

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

சிங்காரவேலு எழுதுவது. இங்கே கடையும் நாங்களும் சுகம். பினாங்கு வெயில் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா?

வியாபாரம் மந்தம். வடக்கே அறுவடைக் கூலித் தகராறில் கல்வீச்சாம், ஒரு பெண்ணுக்கு மண்டை உடைந்ததாம். கூலி ஆட்கள் கடைத்தெருப் பக்கமே வரக் காணோம். ஆனாலும், ஒரு துணி கேட்டு வந்தவரை ஒரு துணியோடு அனுப்பக் கூடாது என்று நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை.

இன்று காலை வீரையன் வந்தான். நாலணாவுக்கு நாலு மணி நேரம் மல்லுக்கு நிற்பானே, அவன்தான். வெள்ளை மல் துணி எட்டு முழம் கேட்டான். விலையே கேட்கவில்லை. "கூலி ஏறுனதும் பேரம் மறந்துபோச்சா வீரையா?" என்றேன். கடையே சிரித்தது. விடுவேனா? மகளுக்கு என்று ஒரு பச்சைச் சேலையையும் எடுத்துப் போட்டேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு, 'வரேன்' என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டான். உங்கள் யோசனை பலித்துவிட்டது முதலாளி.

தங்கள் உண்மையுள்ள
சிங்காரவேலு

பினாங்கு
20.2.1970

அன்புள்ள சிங்காரவேலு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

விலை கேட்காமல் வெள்ளைத் துணி. போகும்போது 'வரேன்' இல்லை. நம் பக்கத்தில் பிணத்துக்குப் போர்த்தும் கோடிக்கு யாராவது பேரம் பேசுவார்களா? பன்னிரண்டு வருஷம் அந்தக் கடையில் நின்றவனுக்கு அது தோன்றவே இல்லையா? அவர் வீட்டில் மூன்றே பேர். அவர், மனைவி செவ்வந்தி, மகள் அம்சவல்லி. மண்டை உடைந்தது யாருக்கு என்று கேட்டாயா?

உனக்கு அப்படி எழுதியது என் தப்பு. அதற்கு என்னைத் திட்டிக்கொள். ஆனால் உடனே அவர் வீட்டுக்குப் போ. நான் நினைப்பது பொய்யாக இருக்க இறைவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்ராஹிம்

முத்துப்பேட்டை
2.3.1970

முதலாளி அவர்களுக்கு,

போனேன். நீங்கள் பயந்ததுதான். அம்சவல்லி. கதிர் அறுக்கப் போன இடத்தில் யாரோ எறிந்த கல்.

வீரையன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உட்காரச் சொன்னார். சேலையைப் பற்றி ஏதோ உளறினேன்.

"நீங்க மவளுக்குன்னு எடுத்துப் போட்டீங்க. வேணாம்னு சொல்ல வாய் வரலீங்க. அதைக் கட்டித்தான் அனுப்புனோம்."

எழுந்து வெளியே வந்தபோது கூடவே வந்தார். "பஞ்சநதம் கால்ல மாவுக்கட்டு பிரிச்சாச்சுங்களா?" என்று கேட்டார்.

பஞ்சநதம் என் மகன். எப்போதோ பேரத்துக்கு நடுவே நான் புலம்பியிருக்கிறேன். அதை அவர் நினைவில் வைத்திருந்தார். அவர் பெண் சின்னப் பாவாடை கட்டிய நாளிலிருந்து அவளுக்குத் துணி கிழித்துக் கொடுத்தவன் நான். அவள் பெயரை நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்றிலிருந்து கடை திறக்கவில்லை. சாவியைப் பக்கத்துக் கடை ஜெகபர் அலியிடம் கொடுத்திருக்கிறேன். நான் மறுபடி அங்கே நிற்கலாமா, வேண்டாமா என்று நீங்களே எழுதுங்கள்.

சிங்காரவேலு