விடிந்ததும் பிடிக்கும் முதல் குடம்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணும் காதும் சொன்னபடி கேட்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், வேறு நினைப்பு எனக்கில்லை. முந்தாநாள் உன்னிடம் ஒன்று சொல்லத்தான் போன் செய்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சிப் பெண்ணை உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன். அவள் கண்டுபிடித்ததை அவளே எழுத வேண்டியிருப்பதால் அடிக்கடி பேனா நின்றுவிடுகிறது, நீ எதையும் திருத்தாதே, நான் சொன்னதைச் சொன்னபடி எழுது என்று அவளை அதட்டிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

ஆற்றுப்பாலம் உடைந்து லாரி ஒன்று தலைகுப்புறத் தொங்கிய வருஷம், சரக்கு அடுக்கும் கிட்டங்கி எரிந்து மூட்டை தூக்குகிற நாங்களெல்லாம் கோடை முழுக்க வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த வருஷம், அந்த வருஷம்தான் நம் வீட்டுக்குள் குழாய் வந்தது. நீ அப்போது அம்மா வயிற்றில். குழாய்க்காரர் சாம்பல் நிறக் குழாய் ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, முழங்காலில் வைத்துக் கயிறு மாதிரி வளைத்தார். இரும்பு இப்படி வளையுமா என்று கேட்டேன். இது ஈயம்ணே, துருவே பிடிக்காது, பேரன் எடுத்தப்புறமும் என்னை நினைச்சுக்குவீங்க என்றார். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த தண்ணீர்தான் தெளிந்த தண்ணீர், யார் கையும் படாதது என்று உன் அம்மா ஒரு சட்டம் போட்டாள். விடிந்ததும் பிடிக்கிற முதல் குடம் பிள்ளைத்தாய்ச்சிக்கும் சின்னதுகளுக்கும் நோயாளிக்கும், கெட்டியான ஆம்பிளைக்குக் கடைசிக் குடம். ஒருநாள் தாகத்தில் நான் முதல் குடத்தில் சொம்பை விட்டதற்கு, மூட்டை தூக்குறவருக்குக் குழந்தைத் தண்ணி கேக்குதோ என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள்.

இந்தப் பெண் தண்ணீரில் கலந்திருக்கும் விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் பட்டை செய்கிறாள். விரல் நீளம்கூட இல்லை. அதன் நுனியில் ஏதோ உலோகத்தின் ஆக்சைடைக் கண்ணுக்கே தெரியாத பொடியாக்கிப் பூசியிருக்கிறாள், நானோத் துகள் என்கிறாள். தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் மின்சாரம் விட்டால் ஈயம் வந்து அந்தப் பூச்சில் ஒட்டுமாம், மின்சாரத்தை மாற்றி விட்டால் உதிருமாம், உதிரும்போது பட்டையோடு இணைத்த போனில் ஒரு கோடு மலை மாதிரி எழுமாம். ஆக்சைடு என்றால் துரு மாதிரிதான் தாத்தா என்றாள், ஊரே துருவைச் சுரண்டுது, நீ தேடிப்போய்ப் பூசுறியா என்று கேலி செய்தேன். அன்று மத்தியானம் நம் குழாயைத் திறந்து ஓடவிட்டுப் பிடித்துப் பார்த்தாள், கோடு படுத்தே கிடந்தது. நகராட்சிக்காரர்களும் இப்படிப் பகலில் வந்து பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று சொல்லிப் போனவர்கள்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதுக்கே அசந்துட்டியா, காலையில வா, முதல் குடம் தர்றேன், உன் மெஷினே குளிர்ந்துபோயிடும் என்றேன்.

காலையில் வந்து பட்டையை நனைத்தாள், கோடு விறுவிறுவென்று ஏறி உச்சியில் முட்டியது. பட்டை கெட்டுப்போச்சு தாத்தா என்று புதிதாக ஒன்றைப் பிரித்தாள், அதுவும் ஏறியது. தான் கொண்டுவந்த சுத்தத் தண்ணீரில் வேறொன்றை நனைத்தாள், கோடு படுத்தது. மறுபடி நம் குடத்துத் தண்ணீர், எழுந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. இந்தத் தண்ணிய யாருக்குக் குடுப்பீங்க தாத்தா என்று கேட்டாள். நான் குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் கல்லூரியில் பெரிய மெஷினிலும் வைத்துப் பார்த்துவிட்டாள், அதே பதில்தான். அசையாமல் கிடந்த தண்ணீர் ராத்திரி முழுக்கக் குழாயின் ஈயத்தைக் கரைத்து வைத்திருக்கிறது, கொஞ்ச நேரம் ஓடவிட்டால் குறைந்துவிடுகிறது. யாருக்கு ஆகவே ஆகாதோ, பொறுக்கியெடுத்து அவர்களுக்கே கொடுத்திருக்கிறோம் அம்மா. இன்னும் எனக்குக் குழாயடிப் பக்கம் திரும்பவே கூசுகிறது.

குழாயைப் பிடுங்க ஆள் சொல்லியாகிவிட்டது, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன், நீ இங்கத்துக் கவலையை விடு. இனி சொல்வதைக் கவனமாகக் கேள். அந்த ஈயம் எலும்புக்குள் போய் வருஷக்கணக்காக ஒளிந்திருக்குமாம், வயிற்றில் பிள்ளை வந்தால் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு இறங்கி வருமாம். நாளைக்கே உன் டாக்டரம்மாவிடம் போய், பிறந்து வளர்ந்த வீட்டில் ஈயக் குழாய் இருந்தது, ரத்தத்தில் ஈயம் பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல். அதெல்லாம் வேண்டாமென்றாலும் விடாதே. தெரிந்துகொண்டால் வழி இருக்கிறது, சத்து மாத்திரை கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று இவள் அடித்துச் சொல்கிறாள். நீ பயந்து சாப்பாட்டைக் குறைக்காதே. நீயும் உன் பிள்ளையும் பல்லாண்டு நல்லபடி இருக்க வேண்டும், என் மிச்ச ஆயுசும் உங்களுக்கே.

நம் வீட்டில் செத்தவர்களைச் சொல்லத் தொடங்கியதும், இதனாலதான் போனாங்கன்னு சொல்ல முடியாது தாத்தா என்று இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான்தான் மறுபடி எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். அந்த முதல் குடத்தைக் குடித்தவர்களில் உன் அம்மா சிறுநீரக நோயில் போனாள். ஒரு கருவும் தங்காமல் நம்மோடே இருந்த உன் சித்தி ரத்தக்கொதிப்பில் போனாள். உன் தம்பி பேச்சு வராமலே கண்ணை மூடினான். உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான்.

அப்பா