வெளிய நிக்கறீங்களே, உள்ள வாங்க

தோழி,

இன்று காலை பேக்கிங் பகுதிக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு புதுத் திரை எழுதி ஓட்டிப் பார்த்தேன். பக்கம் திறக்கவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வரி மட்டும் வந்தது: "ஏனுங்க, வெளிய நிக்கறீங்களே? ப்ரொவைடருக்குள்ள வாங்க." நீ எழுதி வைத்த எரர் மெசேஜ். நீ இறந்து பத்து மாதமாகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியின் மாடியில் நாம் இருவர்தான் சாஃப்ட்வேர் பிரிவு. கம்ப்யூட்டருக்கும் மரியாதை கொடுக்கிறவள் நீ. "நின்னுட்டீங்களா? சரி, மறுக்கா கெளம்புங்க" என்பாய். நான் கேலி செய்வேன்.

ஒரு நாள், ஆர்டரின் நிறத்தையும் சைஸையும் மேல் திரையிலிருந்து பேக்கிங் திரை வரை, நடுவிலுள்ள ஒவ்வொரு திரை வழியாகவும் கைமாற்றிக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய். "நடுவுல இருக்கறவங்களுக்கு வேண்டாத மூட்டைய எதுக்குங்க அவங்க தலைல ஏத்தறீங்க? மேல ப்ரொவைடர்னு ஒரு பொதுக் கிடங்கு வெச்சுட்டா, அதுக்குள்ள இருக்கறவங்க வேணுங்கறப்ப எடுத்துக்குவாங்க." அப்படியே மாற்றினோம்.

நான் ஓர் அவசரக்குடுக்கை. பேக்கிங் திரையை ப்ரொவைடருக்கு வெளியே வைத்துவிட்டேன். எரரும் வரவில்லை. ஆர்டர் கிடைக்காத அந்தத் திரை, சோதனைக்காக நாம் போட்டிருந்த 'வெள்ளை, மீடியம்' என்பதையே காட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் கருநீல லார்ஜ், பெட்டியின் மேல் வெள்ளை மீடியம் ஸ்டிக்கர். கண்டெய்னர் கிளம்பவேண்டிய நாளில் மேனேஜர் மாடியேறி வந்து கத்தினார். நீ எழுந்து, "என்ற தப்புங்க" என்றாய். கீழே போய், பேக்கிங் அக்காக்களோடு உட்கார்ந்து ஸ்டிக்கர் உரித்தாய்.

நான் வாயே திறக்கவில்லை. பிறகும்கூட, உன்னிடம்கூட. மறுநாள் அந்த 'வெள்ளை, மீடியத்தை' எடுத்துவிட்டு நீ இந்தச் சிவப்பு வரியை எழுதினாய். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. அதுதான் இன்றும் சுடுகிறது.

இன்று அதே மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். "என்னங்க இது, வெளையாட்டாட்ட? இங்கிலீஷ்ல மாத்திருங்க."

"மாத்த மாட்டேனுங்க" என்றேன். "அன்னிக்கு ஸ்டிக்கர் மாறுனது என்னாலதானுங்க. அவ என்ற தப்பத் தன் மேல போட்டுக்கிட்டா."

அவர் குனிந்து அந்த வரியை மறுபடி படித்தார். "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புதுத் திரையை ப்ரொவைடருக்குள் கொண்டுபோய் வைத்தேன். சிவப்பு எழுத்து மறைந்து, ஆர்டர் சரியாக வந்தது. வேலை முடிந்தது. ஆனாலும் இன்னொரு முறை அதை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தேன்.

உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாய்.