நாற்றம் அடங்கிய குழி

என் நைனாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக ஒரு வரி கூட்டமாட்டேன். அம்மா அழுவாளே என்று ஒரு வரி குறைக்கவும் மாட்டேன். உன்னைப் பற்றி ஊரில் ஒரு பொய் உலவுகிறது. அதனால் இதை எல்லோரும் படிக்கட்டும்.

கும்மிடிப்பூண்டி ஆலையில் உனக்குக் கழிவுக்குழி வாரும் வேலை. இறங்குவதற்கு முன் குழியை மோப்பம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். உன் கூட்டத்துக்கு நீதான் மூக்கு. இரும்பு மூடியைத் தள்ளிவிட்டு, குப்புறப் படுத்து, முகத்தை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பாய். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காத்திருக்க வேண்டும், அடங்கினால் இறங்கலாம். அதுதான் உங்கள் சட்டம். பால் திரியப்போவதை அடுப்பில் வைக்கும் முன்பே சொல்லிவிடுவாயே, அந்த மூக்கின் மேல் உனக்கு எவ்வளவு கர்வம்!

அன்றைக்கு நடந்ததை, உன் கூட்டத்திலேயே வேலை செய்யும் சித்தப்பா சொன்னார். “மூடிய தள்னதும் நாத்தம் குப்புனு மூஞ்சில அறைஞ்சுது. அண்ணன் நவுரல. மோந்துக்கினே இருந்துச்சு. அப்பால, ‘நாத்தம் போச்சுடா, சுத்தமா இல்ல’ன்னு சொல்லிட்டு ஏணில கால வச்சுது.”

ஏணியின் பாதியில், பின்னந்தலையில் கட்டையால் அடித்ததுபோல நீ சரிந்தாயாம். இரும்புப் படியில் உன் தாடை மோதி உடைந்த சத்தம் மேலே கேட்டதாம். சித்தப்பா குழிக்குள் பாயப் பார்த்தார். கூட்டத்து மற்றவர்கள் அவரைத் தரையில் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். “உட்றா, எங்க அண்ணன்டா!” என்று அவர் ஒருவருடைய கையைக் கடித்துக் கிழித்திருக்கிறார். கடிபட்ட மாமா அப்போதும் பிடியை விடவில்லை. கடைசியில் கயிற்றில் கொக்கி கட்டி உன்னை இழுத்தார்கள். கொக்கி உன் தோளைப் பிளந்துவிட்டது. நைனா, அது உனக்கு வலித்ததா?

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் தகவல் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆலை கேட்டில் தொழிலாளிகள் எறிந்த கல் பறந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் உன் டிபன் டப்பாவை அம்மா கையில் கொடுத்து, “குடிச்சிட்டு எறங்கிட்டாம்மா. அதுக்கு நாங்க இன்னா பண்றது?” என்றார். டப்பா திறக்கப்படவே இல்லை. அம்மா அதை ஓங்கி அவர் முகத்தில் இறக்கினாள். மூக்குத்தண்டு உடைந்தது. சட்டையில் ரத்தமும் தயிர்சோறும் வழிந்தன.

“மூக்கு கெட்டுப்பூடும்னு பீடிகூடத் தொடாத ஆளுடா அது!” என்று கத்தினாள். நாலு பேர் அவளை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த மூக்கு உன்னை ஏன் ஏமாற்றியது? பள்ளி நூலகத்தில் தேடினேன். ஒரு பொருளிலிருந்து கிளம்பும் மூலக்கூறுகள் காற்றோடு மூக்கின் உச்சிக்குப் போகின்றன. அங்கே சளியின் ஈரத்தில் நரம்பு செல்களின் மிக நுண்ணிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் ஏற்பிகள் உண்டு, எத்தனையோ வகை. தனக்குப் பொருந்தும் மூலக்கூறு வந்து ஒட்டியதும் ஏற்பி விழித்துக்கொள்கிறது. செல்லில் மின்துடிப்பு எழுந்து மூளைக்கு ஓடுகிறது. எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து விழித்தன என்பதை வைத்துத்தான் இது மல்லிகை, இது மண்ணெண்ணெய் என்று மூளை பிரித்துச் சொல்கிறது.

குழியில் இருந்தது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால், முகரும் நரம்பையே அடித்து வீழ்த்திவிடும். மூலக்கூறுகள் மூக்குக்குள் கொட்டிக்கொண்டேயிருக்கும், மூளைக்கு ஒரு செய்தியும் போகாது. நீ குடிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. உனக்கு நாற்றம் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். வாயு அங்கேயே இருந்தது.

உன் கருமாதி முடிந்த கையோடு சூப்பர்வைசர் மூக்கில் பிளாஸ்திரியுடன் வந்தார். “குழி ரொம்பிக்கினு கீது, கோதண்டம். வாரலைன்னா பிளான்ட்டே நின்னுடும். அண்ணன் எடத்துக்கு நீ வா” என்றார். சித்தப்பா தலையாட்டினார்.

சூப்பர்வைசர் போனதும் சித்தப்பா என்னிடம், “அண்ணன் அவசரப்பட்டுடுச்சு. நான் இன்னும் நல்லா மோந்து பாத்துட்டுத்தான் எறங்குவேன்” என்றார்.

ஜாக்கிரதை என்று நினைத்து அவர் செய்யப்போவதுதான் அவரைக் கொல்லும். புத்தகத்தைக் காட்டி விளக்கினேன். “மோக்கறதுக்கு எனுக்கு நீ டியூசன் எடுக்கறியா?” என்று கன்னத்தில் ஒன்று விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது கட்டிலுக்கடியில் ஒரு சட்டி வாளைக் கருவாட்டை வைத்து, ஜன்னலையும் கதவையும் சாத்தினேன். அவர் எழும் நேரத்தில் உள்ளே போனேன். எனக்குக் குமட்டியது.

“சித்தப்பா, எதுனா நாறுதா?”

“இன்னா நாறுது? ஒண்ணியும் இல்லியே.”

அவரை வெளியே இழுத்துவந்து, வேப்பமரத்தடியில் நிற்கவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். பிறகு கதவைத் திறந்தேன். “அய்யய்ய, இன்னாடி எழவு இது!” என்று மூக்கைப் பொத்தினார். நான் சட்டியை வெளியே இழுத்தேன்.

“இது அப்பவே இங்கதான் இருந்துச்சு. உன் மூக்குதான் இல்லன்னுச்சு.”

அவர் சட்டியை எட்டி உதைத்தார். அது சுவரில் மோதிச் சிதறியது. என்னையும் அறைந்தார். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. நான் நகரவில்லை. “கருவாடு மூக்கைத் தூங்கத்தான் வைக்கும், சித்தப்பா. அந்த கேஸு மூக்கைச் சாவடிச்சிட்டு, அப்புறம் ஆளைச் சாவடிக்கும்” என்றேன்.

உடைந்த சட்டி ஓடுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் தன் முகத்திலேயே மாறி மாறி அடித்துக்கொண்டார். “மூக்கு செத்ததுக்கு அப்பாலதான் எறங்குச்சா எங்கண்ணன்? நான் பக்கத்துல நின்னுக்கினு பாத்தேனே!”

இன்று காலை, வாயு அளக்கும் கருவியும் காற்றடிக்கும் மெஷினும் வராமல் யாரும் இறங்கமாட்டோம் என்று சித்தப்பா குழி மூடியின் மேல் படுத்துவிட்டார். சூப்பர்வைசர் விலாவில் உதைத்தாராம். கடிபட்ட கையில் கட்டோடு இருந்த அந்த மாமாதான் முதலில் போய்ச் சித்தப்பா பக்கத்தில் படுத்தாராம். பிறகு எல்லோரும். இதுவரை ஒருவரும் வீடு திரும்பவில்லை.

உன் மூக்கு கடைசியாக அறிந்தது அந்த முட்டை நாற்றம்தானா? அன்று காலையில் நீ என் தலையை முகர்ந்து, “இன்னா எண்ணெ, புதுசா?” என்று கேட்டாயே, அந்த எண்ணெய் வாசம் ஏதும் மிச்சம் இருந்ததா?

ஒரு வாக்குத் தருகிறேன். இந்த ஊரில் எவராவது ‘நாற்றம் இல்லை’ என்று குழிக்குள் கால் வைத்தால், அந்தக் காலைக் கட்டிக்கொள்வேன். உதைக்கட்டும், கடிக்கட்டும், விடமாட்டேன்.

உன் மூக்கையே கொண்டு பிறந்த பெரிய பொண்ணு,
அமுதா

பெயரெழுதிவிட்டு நிமிர்ந்தேன், நைனா. நம் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், நீ செத்த அன்றும்கூட எரிந்துகொண்டிருந்த ஆலை விளக்குகள். இப்போது அவற்றை அணைத்துவிட்டார்கள். பிளான்ட் நின்றுவிட்டது.