பச்சைப் பட்டையும் பவித்ரனின் காதும்

7 ஜூன் 2004, திங்கள்
தேங்காய் வாங்க மறந்தேன். அலுவலகத்தில் அதைவிடப் பெரிய இடி. இணையப் பிரிவில் ஒரே நாற்காலி காலி. எங்கள் அலுவலக இணையப் பக்கத்தை இணைய விதிகளுக்கு ஒத்தபடி 18-ஆம் தேதிக்குள் செய்து காட்டுபவருக்கு அது. எனக்குக் கிடைக்காவிட்டால் மறுகோடியில் இருக்கும் காசர்கோட்டுக்கு மாற்றல். மகள் பத்தாம் வகுப்பு. திருவனந்தபுரத்தை விட்டு எப்படிப் போவேன்?

8 ஜூன்
பக்கத்து மேசை சிபியும் போட்டியில் இருக்கிறான். இருந்தும் இணையப் பக்கம் செய்யும் மென்பொருள் ஒன்றைக் குறுந்தகட்டில் தந்தான். "ஓமனா சேச்சி, படத்த இழுத்து வைங்க, எழுத்த இழுத்து வைங்க. மிச்சத்த அதுவே பாத்துக்கும்." ஒரு மணி நேரத்தில் பக்கம் தயார்! அலுவலக உணவகத்தின் அன்றாடப் பட்டியலைக்கூடப் படம் பிடித்துப் போட்டேன்.

10 ஜூன்
பக்கம் விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்க்கும் இணையதளத்தில் கொடுத்தேன். 143 பிழைகள். உள்ளே பார்த்தால் அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் இன்னொன்று. ஒரு வரிகூட நான் எழுதியதில்லை — எதைத் திருத்துவது?

11 ஜூன்
குறுந்தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி வெறும் எழுத்து அடிக்கும் நோட்பேட் மட்டும். இது தலைப்பு, இது படம் என்று கணினிக்குச் சொல்லும் ஒவ்வொரு குறியையும் நானே அடிப்பேன்.
"அருவா இருக்க, தேங்காய பல்லால உரிக்கிறீங்களே சேச்சி!" என்று சிபி சிரித்தான். சிரிக்கட்டும். பல் என்னுடையது.

14 ஜூன்
19 பிழை. பிறகு 6. பிறகு 1 — மூடாத ஒரு குறி. மூடினேன். பிழையே இல்லை என்று தளத்தில் பச்சைப் பட்டை! கத்தியே விட்டேன்.

15 ஜூன்
எங்கள் அலுவலகத் தொலைபேசி இணைப்பகத்துப் பவித்ரனுக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கணினி வாசிக்கும், அவர் கேட்பார். பெருமை தாங்காமல் அவரிடம் கொண்டுபோனேன்.
"தலைப்பு எங்க சேச்சி? எல்லாம் ஒரே மூச்சுல ஓடுது. நடுவுல படம், படம், படம்ங்குது. என்ன படம்?"
படங்களுக்கு விளக்கம் வேண்டும் என்று தளம் கேட்டது. எல்லாவற்றுக்கும் "படம்" என்றே எழுதி அதன் வாயை அடைத்திருந்தேன். தலைப்புகளோ, தலைப்புக் குறி இல்லாமல் வெறுமனே பெரிதாக்கிய எழுத்து. யாரை ஏமாத்தினேன்? தளத்தையா, இந்த மனுஷனையா? வெக்கமா இருக்கு. இன்னும் மூணே நாள்!

17 ஜூன்
இரண்டு நாளும் பவித்ரன் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார், நான் திருத்தினேன். உணவகப் பட்டியலை வரிவரியாக எழுத்தில் அடித்தேன். நோட்பேட், தளம், அவர் காது — கற்றுக்கொள்ள இந்த மூன்றும் போதும்.

18 ஜூன்
சிபியின் பக்கத்தில் படங்கள் ஓடின, கைதட்டல். தொலைஞ்சேன்னு நெனச்சேன். மேலதிகாரி இரண்டையும் தளத்தில் கொடுத்தார். அவனுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. முடிவு பிறகாம்.

28 ஜூன்
எனக்குக் கிடைத்த இணையப் பிரிவு நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. ஆடட்டும். பன்னிரண்டரைக்குப் பவித்ரன் அழைத்தார்.
"சேச்சி, இன்னிக்கு மத்திக் கறி. தீந்துடும், ஓடி வாங்க. யாரையும் கேக்கல, பட்டியல நானே படிச்சேன்."