அழுகுணியைக் கொன்றது நான்தான்

ஜனவரி 9
பதிப்பக முதலாளிக்கு மாலைக்குள் கட்டுரை வேண்டுமாம். கல்லூரி மாணவர்களுக்கான நோட்ஸில் பாக்கி இருப்பது ஒரே கேள்வி: 'பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கல்யாண நாவலில் ஆண் பாத்திரங்களும், ஆணிடம் சமூகம் எதிர்பார்த்தவையும் — விவரி.' நாவல் மூன்று பாகம். மூன்றாம் பாகத்தை நூலகத்திலிருந்து எவனோ எடுத்துப் போய்விட்டான், நாசமாப் போக.

இருக்கிற ஆண்களை எழுதினேன். எஸ்டேட்காரர் — முன்னூறு பக்கத்தில் பதினோரு முறைதான் வாய் திறக்கிறார், அதற்கே ஊர்ப் பெண்கள் மயங்குகிறார்கள். பாதிரியார் — ஒரே வாரத்தில் மூன்று பெண்களிடம் ஒரே உரையைச் சொல்லிக் கல்யாணம் கேட்கிறார். அப்புறம் கதாநாயகியின் அத்தை மகன். அவள் மாட்டேன் என்றதும் எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுகிறான். அத்தோடு இரண்டாம் பாகம் முடிந்தது. அவனுக்கு அழுகுணி என்று பெயர் வைத்தேன்.

அப்புறம் அவன் என்ன ஆனான்? எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அந்தக் காலத்து நாவலில் ஆம்பளை அழுதால் சும்மா விடுவார்களா? 'குதிரையிலிருந்து விழுந்து இறக்கிறான். ஆண்மை தவறியவனுக்குச் சமூகம் தந்த தண்டனை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 10
மனசு உறுத்துகிறது. இரண்டு பாகத்தையும் புரட்டிப் பார்த்தேன். அழுகுணி வீட்டில் இருப்பது ஒரு கழுதை.

ஏப்ரல் 21
அக்கா பார்த்த வரன். பெண் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறாள், தற்காலிக வேலை. "ஆம்பளையா லட்சணமா விறைப்பா உக்காரு. நோட்ஸ் போடுறேன்னு சொல்லித் தொலைக்காத. படம் பாத்து அழுததெல்லாம் மூச்சு விடாத" என்று வழியெல்லாம் பாடம். எஸ்டேட்காரர் மாதிரி உட்கார்ந்தேன். "பையனுக்குப் பேச்சு வருமில்ல?" என்று அவள் அப்பா அக்காவிடம் தனியாகக் கேட்டாராம்.

அவள் டீயில் பிஸ்கட்டை முக்கினாள், அது உடைந்து உள்ளே போய்விட்டது. ஆறு பேர் பார்க்க ஸ்பூனால் துழாவி எடுத்துச் சாப்பிட்டாள். எனக்குப் பிடித்துவிட்டது. ரொம்பவே.

மே 6
அவளே போன் செய்தாள். விடைத்தாள் திருத்துகிறாளாம், படபடவென்று பொரிந்தாள். "நானூறு பேரும் அந்த அத்தை மகனைக் குதிரையில இருந்து தள்ளிக் கொன்னுருக்காங்க! அவன் எங்கங்க செத்தான்? கடைசிப் பக்கத்துல முயல் வளத்துக்கிட்டு, அக்கா பொண்ணுங்களுக்குத் தலை பின்னி விட்டுக்கிட்டு சந்தோசமா இருக்கான். எல்லாருக்கும் முட்டை போட்டுட்டேன்."

"குதிரை... என்ன நிறம்னு எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன். மடையன்!

"பாதிப் பேர் வெள்ளைங்கிறாங்க."

சத்தியமாக நான் நிறம் எழுதவில்லை.

மே 9
முட்டை வாங்கியவர்கள் புகார் கொடுத்து, கல்லூரியில் விசாரணைக் குழு கூடியதாம். "நானூறு பேர் எழுதினா அதுதான் விடை" என்றாராம் தலைவர். மாணவனாக இருந்தபோது அந்தக் குதிரை அத்தியாயத்தைப் படித்தது நன்றாக ஞாபகம் இருப்பதாக ஒரு பேராசிரியர் சொல்லியிருக்கிறார். வாக்கெடுப்பு: ஐந்துக்கு ஒன்று, அழுகுணி காலி. சரியான விடைக்கு ஏன் முட்டை போட்டாய் என்று அவளுக்கு மெமோ. பன்னிரண்டாம் தேதி பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும்.

போனில் அவள் குரல் உடைந்துவிட்டது. நான் 'ம்' மட்டும் கொட்டினேன். ச்சீ, நானும் ஒரு மனுசனா?

மே 10
அக்கா: "வாயை மூடிக்கிட்டு இரு. கல்யாணம் ஆகட்டும், மெதுவா சொல்லிக்கலாம்."
முதலாளி: "அடுத்த பதிப்புல அட்டையிலயே குதிரையைப் போட்டுருவோம்."

மூன்றாம் பாகம் கிடைத்தது. பஸ்ஸில் கடைசிப் பக்கத்தைப் படித்து வாய்விட்டு அழுதேன். பிள்ளைத்தாச்சி ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

மே 12
விசாரணைக் குழு முன்னால் போய்ச் சொல்லிவிட்டேன். அவளும் அங்கேதான் இருந்தாள்.

"அவனைக் கொன்னது நான்தான் சார்."

"என்ன ஆதாரத்துல?"

"அழுதான் சார். அதான்."

"அது போதுமே" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் மட்டும் என்னைப் பார்க்காமல் மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்து உரக்கப் படித்தாள். இரண்டாவது வரியிலேயே எனக்குக் கண் முட்டிவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. குழு என்னைப் பார்க்கப் பயந்து மின்விசிறியைப் பார்த்தது.

தீர்மானம்: இந்த ஆண்டுக்கு மட்டும் அவன் இறந்தவனாகக் கருதப்படுவான். மெமோ ரத்து.

மே 13
என் வேலை போய்விட்டது. பெண் வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அழுகிற மாப்பிள்ளையும் வேண்டாம், வேலையில்லாத மாப்பிள்ளையும் வேண்டாமாம். நான் இரண்டும்.

மே 20
வாசலில் அவள். "கோபம் இன்னும் போகல" என்றாள். "நானூறு பேருக்கும் அவன் சாகலன்னு கடிதம் எழுதுங்க. கையால."

ஜூலை 2
இருநூற்றுப் பதினேழாவது கடிதம். அவள் வீட்டுக் கூடத்தில் எழுதுகிறேன். அவள் முகவரி எழுதுகிறாள், அவள் அப்பா உறை ஒட்டுகிறார். நேற்றுதான் நாவலை முடித்தாராம். திடீரென்று கேட்டார்: "முயல் வளக்குறான், தலை பின்னுறான், சரி. சம்பாத்தியத்துக்கு என்ன பண்றான்?"

"அப்பா, அது நாவல்லயே இல்ல."

"அதைக் கேக்காமலா ஒருத்தன் பொண்ணு குடுப்பான்?" என்றவர் என்னைப் பார்த்தார். பசைத் தூரிகையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"சரி மாப்ள," என்றார், "அடுத்த உறையைக் குடுங்க."