ரின்ஸேயின் தொழுவ வாசல் கல்

டிசம்பர் 12

பால் எடுக்க வண்டியோடு இன்று பக்கத்து ஊர் ரிப்பம் போனேன். அங்கே மாட்டுப் பண்ணைக்காரர் ரின்ஸேயின் தொழுவ வாசலில் வழுக்கிக் குப்புற விழுந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. ஆனால் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை! விழுந்தபோது மூக்குக்கு நேரே ஒரு சிவப்புக் கல். எங்கள் பக்கம் தோண்டினால் களிமண், கட்டினால் செங்கல். கல் ஏது? அதுவும் ஆள் நீளத்துக்கு, ஒரு முனை அகலமாக, மறு முனை குறுகலாக. ஒரு மூலை உடைந்திருக்கிறது.

எங்கள் ஹாயெவெர்ட் தேவாலயத்தில் மூடியில்லாமல் ஒரு கல் சவப்பெட்டி கிடக்கிறதே, அதுவும் இதே சிவப்பு. மூடியின் உடைந்த மூலை மட்டும் ஜன்னலோரம் இருக்கிறது. ஹிஸ்கே, பொறு. அவசரப்படாதே.

டிசம்பர் 14

பொருந்திவிட்டது!!

ஜன்னலோரத் துண்டைக் கோட்டுப் பைக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நிமிர்ந்தால் எதிரே ரின்ஸே.

"என்ன ஹிஸ்கே, என் வாசல்ல முட்டி போட்டு ஜெபமா?"

"இது எங்க ஊர் மூடி."

"ஒரு காலத்துல உங்களுதா இருந்துச்சு. எங்க தாத்தா ஒரு வருஷக் கடைசியில இழுத்துட்டு வந்தாரு. மறுநாள் உங்க ஆளுங்க யாரும் வரல. வரலைன்னா எங்களுது. அதானே வழக்கம்?"

அதுதான் வழக்கம். வருஷக் கடைசி ராத்திரி, வெளியே ஒட்டாமல் கிடக்கும் எதையும் இளவட்டங்கள் தங்கள் தேவாலய வாசலுக்கு இழுத்துப் போகலாம். உடையவர் புத்தாண்டன்று இருட்டுவதற்குள் நேரில் வந்து, கேலியெல்லாம் கேட்டுக்கொண்டு, எடுத்துப் போக வேண்டும். ரிப்பம்காரர்கள் சிரிப்பார்கள் என்று எங்கள் பெரியவர்கள் போகவே இல்லை! செத்தவர் பெட்டி திறந்து கிடந்தாலும் பரவாயில்லை, வீம்பு முக்கியம்.

"குடுத்திடேன்" என்றேன்.

"குடுத்தா ரிப்பமே என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

அவருக்கும் அதே வியாதி.

டிசம்பர் 15

மே மாதத் திருவிழாவில் ஊர் வரலாற்றை நான்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? ஒரு மேடு, ஒரு கோபுரம், ஒரு வெறும் பெட்டி. "உள்ளே யார் இருந்தாங்க?" என்று குழந்தைகள் கேட்கும்போதெல்லாம் விழிக்கிறேன். அந்தக் கல்லின் மேல்பக்கத்தில் ஒன்றுமில்லை. செதுக்கியது அடியில் இருந்தால்?

"இழுத்துட்டு வந்துட்டா போச்சு" என்கிறாள் என் மகள் நீன்கே. எப்படியடி? மண்ணில் புதைந்திருக்கிறது. ஒட்டியிருப்பதைத் தொட்டால் அது வழக்கமல்ல, திருட்டு.

டிசம்பர் 27

பனி இறுகி மண் இரும்பாகிவிட்டது. பால் எடுக்கும்போது ரின்ஸேயிடம் கேட்டேன். "ஒரு நாளாவது புரட்டிப் பார்த்தியா?"

"மாடு மிதிக்கிற கல்லு. அடியில மண்ணு இருக்கும்."

சொல்லிவிட்டுக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் 31

நீன்கேயின் கூட்டம் கிளம்புகிறது. சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று நானும் போகிறேன். ஐம்பத்தாறு வயதில்! கணவர் வீபே தன் கோட்டைத் தந்துவிட்டுச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஜனவரி 1, காலை

எழுத்து கோணுகிறது. கல்லைச் சுற்றி மண்ணை யாரோ தோண்டிவிட்டிருந்தார்கள்! கல் இரண்டு கட்டைகள் மேல் கிடந்தது. பக்கத்தில் ஒரு கடப்பாரை. நாயைக்கூட உள்ளே கட்டியிருந்தார்கள்.

"அம்மா, ஆடுது பாரு! ஒட்டல!" என்றாள் நீன்கே.

கடப்பாரையால் நெம்பி வண்டியில் ஏற்றி, எங்கள் தேவாலய வாசலில் இறக்கிப் புரட்டினோம். களிமண்ணைக் கழுவக் கழுவ ஒரு நீளச் சிலுவை, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கோல் போலச் செதுக்கியிருந்தது. நான் கத்திய கத்தலில் போதகரே வெளியே ஓடி வந்தார். இங்கே கிடந்தவர் யாரோ பெரிய மனிதர்!

ஆனால் இருட்டும்வரை இது எங்களுடையதல்ல. ரின்ஸே வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். கடவுளே, அவர் வண்டி பழுதாகட்டும்.

ஜனவரி 1, மாலை

வந்தார். டிராக்டரில், பின்னால் வண்டி பூட்டி. ஊரே வாசலில் நின்றது, கேலி செய்ய ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ரின்ஸே கல்லருகே போனார். சிலுவையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"எங்க மாடுங்க இதுக்கு மேலயா நடந்துச்சு?"

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என் பொருளை எடுக்க வந்தேன்."

"எடுத்துக்க ரின்ஸே" என்றேன்.

"எங்க வச்சிருக்கீங்க, என் கடப்பாரையை?"

நீன்கே ஓடிப்போய்க் கொண்டு வந்தாள். அதை வண்டியில் போட்டார். புத்தாண்டுக்கு நாங்கள் பொரித்த மாவுருண்டை இரண்டைத் தின்றார், சர்க்கரை போதவில்லை என்றார், போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜனவரி 19

பனி விட்டது. இன்று ரிப்பம் போய் ரின்ஸேயின் தொழுவ வாசலுக்குச் சிமெண்ட் படி போட்டோம். கோணலாக இருக்கிறதாம். கிளம்பும்போது வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மே மாசம் பேசுவியே, எங்க தாத்தா பேரையும் சொல்லு. அத்தனை கனத்தைத் தனியாளா இழுத்தாராம்."