பறக்கும் வாளி

சனிக்கிழமை இரவு, ஈப்போ, மலேசியா

முடிக்காத ஒன்றைப் பார்த்துச் சிரித்தவர்கள், முடித்தபின் அதை வேறு கண்ணால் பார்ப்பார்களா? எனக்குத் தெரியவில்லை.

மகள் ஷாலினி செய்யும் கணினி விளையாட்டு ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. கணவனை அடக்கம் செய்த மறுநாளே ஒருத்தி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறாள். அதுதான் கதை. பாதி முடிந்ததுமே ஷாலினி அதை விற்பனைக்கு விட்டுவிட்டாள். அதில் ஏதோ பிழை. அந்தப் பெண் பால் வாளியைத் தூக்கினால், வாளி கையை விட்டு வானத்துக்குப் பறக்கிறது. வாங்கியவர்கள் அதைக் காணொளியாகப் போட்டுச் சிரிக்கிறார்கள்.

"முடிச்சிட்டு வித்திருக்கலாம்" என்றேன் சாப்பிடும்போது.

"வாங்குனவங்க சொல்லித்தானேம்மா பிழையே தெரியுது. இப்ப எல்லா கேமும் இப்படித்தான் லா. நாளைக்கு வாளிய இறக்கிடுறேன், நீங்க சாப்பிடுங்க."

அவள்தான் சாப்பிடவில்லை.

ஞாயிறு

காலையில் பிழையைத் திருத்தினாள். மதியத்துக்குள், "எங்க வாளியத் திருப்பிக் குடு!" என்று வசவுகள் குவிந்தன. மாலையில் வாளியை மறுபடியும் பறக்கவிட்டாள்.

"அப்ப கதை?" என்று கேட்டேன்.

"வாளி பறக்குற தோட்டத்துல சாவு வீட்ட எப்படிம்மா வைக்கிறது?"

இறந்த கணவனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டாள்.